கீழ் வரிசைப் பல்லு

கடலையா? வேணாம் தங்கச்சி, நீ சாப்பிடு. என்னால கடிக்க முடியாது. மேல் வரிசை இருக்கு பாரு, பளிச்சுன்னு, அத்தனையும் கட்டுன பல்லு. கீழதான் ஒண்ணும் இல்லை. கீழ் வரிசை வரி ஆபீஸ்ல இருக்கு.

சிரிக்காதே, நெசமாத்தான் சொல்றேன். அந்தக் கூடையைக் கொஞ்சம் தள்ளு, காலை நீட்டிக்கிறேன். காலிக் கூடைதானே? பூவெல்லாம் வித்துப்போச்சா? நல்லது. நீ கீரமங்கலத்துலதானே இறங்குவே? நானும் அங்கதான். அங்கேருந்து ஷேர் ஆட்டோ பிடிச்சு உள்ள ஒரு ஊருக்குப் போகணும். அடைக்கலம்னு ஒருத்தன், மைக்செட் கட்டுறவன். அவனைப் பார்த்து நல்லா நாலு கேள்வி கேக்கணும். தலைமுறைக்கும் மறக்கக் கூடாது, அப்படிக் கேக்கணும்.

சொந்தக்காரனா? அட நீ ஒண்ணு. அவன் யாரோ, நான் யாரோ. ஆனா என் பென்ஷன் எவ்வளவு, எனக்குச் சர்க்கரை எவ்வளவு, என் கேஸ் சிலிண்டர் எந்தத் தேதியில வருது, எல்லாம் அவனுக்குத் தெரியும். என் மகன் இளங்கோ ஓசூர்ல இருக்கான், அவனுக்குக்கூட இவ்வளவு தெரியாது.

இரு, மொதல்லேருந்து சொல்றேன். பஸ்ஸு வடகாடு போறதுக்குள்ள முடிச்சிடுவேன்.

என் பேரு தையல்நாயகி. புதுக்கோட்டை பக்கம் தாலுகா ஆபீஸ்ல முப்பத்திநாலு வருஷம் டைப்பிஸ்ட். பன்னெண்டு தாசில்தார் மாறியிருக்காங்க, நான் மாறலை. "தையல்நாயகி அடிச்ச கடுதாசின்னா படிக்காமலே கையெழுத்துப் போடலாம்"னு சொல்லுவாங்க. படிக்காமத்தான் போடுவாங்க, அது வேற விஷயம். ஆனா முப்பத்திநாலு வருஷத்துல ஒரு தப்பு கிடையாது. எழுதி வச்சுக்க.

எங்க வீட்டுக்காரர் சிதம்பரநாதன் யூனியன் ஆபீஸ்ல ஹெட் கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவர். நாலு வருஷம் ஆச்சு போயி. தங்கமான மனுஷன்னு சொல்லமாட்டேன், பேசமாட்டார். ஒரு நாளைக்கு எண்ணி இருபது வார்த்தை. அதுல பத்து, "காபி". அவர் போனதுக்கப்புறம் எனக்கு என் பென்ஷன் ஒண்ணு, அவரோட குடும்ப பென்ஷன் ஒண்ணு, ரெண்டு வருது. நல்லா இருக்கேன், குறை சொல்லக் கூடாது. பல்லுதான் போச்சு.

பல் டாக்டர் ஒரு சின்னப் பொண்ணு. கை அவ்வளவு லேசு. ஊசி போட்டதே தெரியாது. அவ மாமியார்கூட நம்ம ஆலங்குடிதான், அந்தம்மாவுக்கு முப்பத்திரண்டு பல்லும் இருக்காம், மருமக பல் டாக்டராம், என்ன பிரயோஜனம் பாரு. சரி, அது கிடக்கட்டும். "அம்மா, மேல் வரிசையை மொதல்ல கட்டிடுவோம். கீழ ஆடுற பல்லையெல்லாம் எடுத்துடறேன், ஈறு ஆறட்டும், மூணு மாசம் கழிச்சு வாங்க, கீழயும் கட்டிடலாம்"னா. மேலுக்குக் காசு கட்டிட்டேன். கீழுக்கு முப்பத்தெட்டாயிரம் சொச்சம், பாங்க்ல தனியா வச்சிருந்தேன். தொடலை. பேத்தி சடங்குக்குக்கூடத் தொடலை.

அந்த மூணு மாசத்துலதான் வந்துச்சு வினை.

வருஷா வருஷம் வரிக் கணக்கு கொடுக்கணும்ல. எங்க வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் அவர் பார்த்துக்கிட்டாரு. இப்போ கடைத்தெருவுல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல கொடுக்கறேன். அங்க ஷகிலா பானுன்னு ஒரு பொண்ணு, ரொம்பத் தங்கமான பொண்ணுன்னு நெனச்சிருந்தேன். இப்போ நெனக்கலை, ஏன்னு பின்னாடி சொல்றேன். அது ஒரு தாளைக் கொடுத்து, "அம்மா, உங்க பென்ஷனை இந்தக் கட்டத்துல எழுதுங்க, குடும்ப பென்ஷனை இதர வருமானத்துல எழுதுங்க"ன்னுச்சு. எழுதினேன். அழகா, அடிச்சுத் திருத்தாம எழுதினேன். குடும்ப பென்ஷனை இதர வருமானத்துலயும் எழுதி, மேல பென்ஷன் கட்டத்துலயும் ஒரு தடவை சேர்த்து எழுதினேன். எதுக்கும் இருக்கட்டும்னு. அரசாங்கத்துக்கு எதைக் கொடுத்தாலும் ரெண்டு படியாக் கொடுக்கணும் தங்கச்சி. ஒண்ணு காணாமப் போனா இன்னொண்ணு இருக்கும். முப்பத்திநாலு வருஷம் கார்பன் பேப்பர் வச்சுத்தானே அடிச்சேன்.

அவ்வளவு பதமா எழுதிக் கொடுத்திருக்கேன். ஆவணி மாசம் கடுதாசி வருது, "நீங்கள் மேலும் முப்பத்தெட்டாயிரத்து அறுநூத்தி நாப்பது ரூபாய் செலுத்த வேண்டும்"னு. எங்க வீட்டுக்காரர் பென்ஷனை ரெண்டு தடவை கூட்டியிருக்காங்க! ஒரு ஆளு செத்தா ஒரு பென்ஷன்தானே வரும், எனக்கென்ன ரெண்டு புருஷனா? கூட்டுறவனுக்கு மண்டையில ஏதாச்சும் இருக்கணுமா இல்லையா?

கட்டலேன்னா வட்டி ஏறும்னு ஷகிலா பயமுறுத்துச்சு. கட்டிட்டேன். வேற எதைக் கட்டுறது? பல்லுக்கு வச்சிருந்த காசைத்தான் கட்டினேன். இப்போ புரியுதா, கீழ் வரிசை எங்க இருக்குன்னு?

இளங்கோ போன்ல, "அம்மா, நான் அனுப்பறேன், நீங்க போயி பல்லைக் கட்டுங்க"ன்னான். மருமக வினோதினியும் சொன்னா, அவ நல்ல பொண்ணு, சாம்பார்தான் இனிப்பா வைப்பா. நான் முடியாதுன்னுட்டேன். என் பல்லு அங்க இருக்கும்போது நான் எதுக்கு இன்னொரு பல்லு வாங்கணும்? அந்தக் காசு வரட்டும், அதுலதான் கட்டுவேன்னு சொல்லிட்டேன். அஞ்சு மாசமா ரசஞ்சோறும் இட்லியும்தான். ஒரு முறுக்கு கடிச்சு அஞ்சு மாசம் ஆச்சு தங்கச்சி. தீபாவளிக்கு எல்லாரும் சீடை கடிக்கறாங்க, நான் அதிரசத்தைப் பால்ல ஊறவச்சு உக்காந்திருக்கேன்.

சும்மா இருப்பேனா? மனு போட்டேன். நானே டைப் அடிச்சேன், வீட்டுல இன்னும் மிஷின் வச்சிருக்கேன். மூணு மனு, ரெண்டு ரெண்டு படி. மூணுக்கும் ஒரே பதில், "தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது." அதை நான் ஆயிரம் தடவை அடிச்சிருக்கேன், எனக்கே அனுப்பறான். அதுவும் மார்ஜின் விடாம.

நாங்க அடிச்சது வேற. நாங்க ரூல் பார்த்து அடிப்போம். உதாரணத்துக்குச் சொல்றேன் கேளு, கருப்பையான்னு ஒரு ஆளு, பட்டாவுல சர்வே நம்பர் மாறிப்போச்சு. நூத்தி எண்பத்தொண்ணு, அது நூத்திப் பதினெட்டுன்னு விழுந்துடுச்சு. டைப்ல எங்கேயோ. அதுக்கு அந்த ஆளு ரெண்டு வருஷம் நடந்தான். ரூல் என்ன? "மனுதாரர் தவறான விவரம் கொடுத்ததால்"னு அவன் எழுதிக் கொடுத்தாத்தான் திருத்த முடியும். "நான் சரியாத்தானேம்மா கொடுத்தேன்"னு நிக்கறான். அட, நீ சரியாக் கொடுத்தா என்ன, தப்பாக் கொடுத்தா என்ன, ஒரு கையெழுத்துதானே? கடைசியில போட்டான். ஒரு நிமிஷ வேலை. அதுக்கு ரெண்டு வருஷம் வீம்பு. சில ஜனங்க அப்படி.

எங்க விட்டேன்? ஆங், ஐப்பசி. ஐப்பசியில ஷகிலா கூப்பிட்டு, "அம்மா, மனு போட்டா வேலைக்கு ஆகாது. கணக்கைத் திருத்தித் திரும்பக் கொடுக்கணும். டிசம்பர் முப்பத்தொண்ணுதான் கடைசி. கொடுத்தா காசு திரும்பி வந்துடும். போன தடவை மாதிரி தாள்ல கையெழுத்து வாங்கி அனுப்பறது இப்போ இல்லை, உங்க போனுக்கு ஒரு ஓடிபி வரும், அதை மட்டும் சொல்லுங்க"ன்னுச்சு.

போனைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், வரலை. பத்து நிமிஷம் ஆச்சு, வரலை. "எந்த நம்பர்மா கொடுத்திருக்கீங்க?"ன்னுச்சு. பார்த்தா எங்க வீட்டுக்காரர் நம்பர்.

எல்லாத்துக்கும் அவர் நம்பர்தான் கொடுத்திருக்கேன். பாங்க்கு, பென்ஷன், கேஸு, ரத்தப் பரிசோதனை, எல்லாத்துக்கும். நீ என்ன கொடுத்திருக்கே? உன் வீட்டுக்காரர் நம்பர்தானே? பாத்தியா. பொம்பளை நம்பரைக் கண்ட இடத்துல கொடுப்பாங்களா? என் நம்பர் என் கூடப்பொறந்த தங்கச்சிக்கும் பால்காரருக்கும் மட்டும்தான் தெரியும்.

அவர் போனப்புறம் இளங்கோ சொன்னான், "அப்பா நம்பரை விட்டுடாதீங்க, மாசா மாசம் ரீசார்ஜ் பண்ணுங்க"ன்னு. நான்தான், உயிரோட இருக்கும்போதே பேசாத மனுஷனுக்கு இப்போ எதுக்குடா மாசம் இருநூறு ரூபான்னு கொஞ்ச காலம் கட்டிட்டு விட்டுட்டேன். நல்ல யோசனைதானே? ரெண்டு வருஷத்துல அஞ்சாயிரம் ரூபா மிச்சம்.

"அந்த நம்பர் இப்போ யாருகிட்டயாச்சும் இருக்கும்மா, போட்டுப் பாருங்க"ன்னுச்சு ஷகிலா.

போட்டேன். நாலு வருஷம் கழிச்சு அந்த நம்பரைப் போடறேன். மணி அடிக்குது. எடுத்தாங்க. "அடைக்கலம் மைக்செட், சொல்லுங்க!"ன்னு ஒரு சத்தம். காதே போச்சு. எங்க வீட்டுக்காரர் வாழ்க்கையில அவ்வளவு சத்தமாப் பேசினதில்லை.

"யாருய்யா நீ? இது எங்க வீட்டுக்காரர் நம்பர்"னேன்.

"சிதம்பரநாதன் வீட்டம்மாவா?"ன்னான்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டுடுச்சு. "உனக்கு எப்படித் தெரியும்?"

"எப்படித் தெரியாம இருக்கும்? ரெண்டு வருஷமா உங்க குடும்பமே எனக்குத்தான் வருது. தையல்நாயகி அம்மாதானே? போன மாசம் சர்க்கரை இருநூத்திப் பத்து. கொஞ்சம் குறைச்சுக்கங்கம்மா. பென்ஷன் முப்பதாம் தேதியே ஏறிடுச்சு, பாத்தீங்கள்ல?"

எனக்கு வெக்கமாப் போச்சு. ஒரு அந்நிய ஆம்பளை என் சர்க்கரையைச் சொல்றான்.

சரி, விஷயத்துக்கு வருவோம்னு, "தம்பி, உனக்கு இப்போ ஆறு நம்பர் வந்திருக்கும், அதைச் சொல்லு"ன்னேன். அவ்வளவுதான். குரல் மாறிப்போச்சு.

"இதான் விஷயமா? ஓடிபி மட்டும் கேக்காதீங்க. யார் கேட்டாலும் சொல்லாதேன்னு போனைப் போட்டா போன்லயே சொல்றாங்க. என் மச்சான் இப்படித்தான் ஒரு பொம்பளைகிட்ட சொல்லிப்புட்டு எண்ணாயிரம் ரூபா விட்டான். அவளும் இப்படித்தான் வயசான குரல்ல பேசினாளாம்."

என்னைத் திருடிங்கறான்! தாலுகா ஆபீஸ்ல சர்வீஸ் போட்டவளை!

"நான்தான் தையல்நாயகி"ங்கறேன். "நிரூபிங்க"ங்கறான். "எப்படி நிரூபிக்கறது?"ன்னா, "கடைசியா சிலிண்டர் எப்போ வந்துச்சு?"ங்கறான். எனக்கு ஞாபகம் இருக்குமா? பதினேழாம் தேதின்னு சொன்னேன். "இல்லை, பத்தொம்பது. பொய் சொல்றீங்க"ன்னு வச்சிட்டான். யோசிச்சுப் பார்த்தா பத்தொம்பதுதான்.

மறுநாள் தேதியெல்லாம் ஒரு தாள்ல எழுதி வச்சுக்கிட்டுக் கூப்பிட்டேன். பரிட்சை மாதிரி கேட்டான். சிலிண்டர் சொன்னேன், சரி. பென்ஷன் ரூபா அணா பைசா சொன்னேன், சரி. "கொலஸ்ட்ரால்?"னான். அது நான் எழுதி வைக்கலை. ஃபெயில்.

மூணாவது நாள் பாஸ் பண்ணிட்டேன். "சரிம்மா, நீங்கதான். சொல்றேன்"ன்னான். ஆனா அந்த நேரம் பார்த்து அவன் மரத்து மேல ஸ்பீக்கர் குழாய் கட்டிக்கிட்டிருக்கான், போன் கீழ இருக்கு. எடுத்தது அவன் பொண்டாட்டி பூங்கோதை. அதுக்கு அந்த நம்பர் எங்க வருதுன்னு தெரியலை, "இதுல நாப்பத்தேழு மெசேஜ் இருக்குக்கா, எதைச் சொல்ல?"ங்குது. அவன் இறங்கி வந்து சொல்றதுக்குள்ள பத்து நிமிஷம் முடிஞ்சு அது செத்துப்போச்சு. அந்த ஓடிபிக்கு ஆயுசு பத்து நிமிஷம்தான் தங்கச்சி. ஈசல்கூட அதுக்கு மேல இருக்கும்.

அப்புறம் மார்கழி பொறந்துடுச்சு. மார்கழியில மைக்செட்காரனைப் பிடிக்க முடியுமா? விடியறதுக்கு முன்னாடி நாலு கோயில்ல பாட்டுப் போடணும் அவன். பகல்ல தூங்குவான். அந்தப் போன்லேருந்துதான் பாட்டு ஓடும், வயரு மாட்டி. நான் கூப்பிட்டா ஊருக்கே மணி அடிக்கும். ஒரு நாள் சாமி பாட்டு நடுவுல "தம்பி, நான்தான் தையல்நாயகி"ன்னு நாலு தெருவுக்கும் கேட்டிருக்கு. என் பேரு அம்பாள் பேருதானே, அம்பாளே பேசறாள்னு ஒரு கிழவி தேங்காய் உடைச்சுட்டாளாம்.

நேர்லயே போயிடுவோம்னு ஒரு நாள் கிளம்பிப் போனேன். எங்க வீட்டுக்காரர் போட்டோ, பென்ஷன் புக்கு, கல்யாணப் பத்திரிகை, எல்லாம் எடுத்துக்கிட்டு. கூடவே ஒரு மனு அடிச்சு எடுத்துட்டுப் போனேன், "திரு. அடைக்கலம், ஒலிபெருக்கி உரிமையாளர் அவர்களுக்கு"ன்னு. ரெண்டு படி. ஒரு படியில "பெற்றுக்கொண்டேன்"னு கையெழுத்து வாங்கிக்கிட்டேன். பய அசந்துட்டான். "எனக்கு இதுவரைக்கும் யாரும் மனு போட்டதில்லைம்மா"ன்னு அதைச் சாமி படத்துக்கிட்ட வச்சிட்டான். பூங்கோதை இட்லி அவிச்சுக் கொடுத்துச்சு, நல்லா மெத்துன்னு. பல்லில்லாதவளுக்குப் பார்த்துப் பார்த்துச் சட்னியை மையா அரைச்சுச்சு. அவனுக்கு நாப்பத்தஞ்சு வயசு இருக்கும், நல்லவன்தான். நல்லவன்னு நெனச்சேன்.

"முப்பத்தொண்ணாந்தேதி வாங்கம்மா, அன்னைக்கு ஊருல கபடிப் போட்டி, பகல்லயே. நான் ஒரே இடத்துல அம்ப்ளிஃபயர்கிட்டத்தான் இருப்பேன். வந்த உடனே சொல்லிடறேன்"ன்னான்.

முப்பத்தொண்ணாந்தேதி. கடைசி நாள். ஷகிலா பானுவை லேப்டாப்போட கூட்டிக்கிட்டுப் போனேன். பாவம், அது அன்னைக்கு லீவு போட்டு வந்துச்சு. ஊருல எங்கேயும் சிக்னல் இல்லை, கபடி மைதானத்துல வாட்டர் டேங்க்குக்கு அடியில மட்டும்தான் இருக்கு. அங்க நாற்காலி போட்டு உக்காந்தோம். எதிர்ல ஆட்டம் நடக்குது. வடகாடு ஒரு பக்கம், எந்த ஊரோ ஒரு பக்கம். மண்ணு பறக்குது. வர்ணனைக்காரன் ஒருத்தன் மைக்கை முழுங்கற மாதிரி வச்சுக்கிட்டுக் கத்தறான்.

ஷகிலா எல்லாம் தட்டி முடிச்சு, "அம்மா, ஓடிபி அனுப்பிட்டேன்"னுச்சு. நான் அடைக்கலத்துக்குக் கையைக் காட்டறேன். அவன் வயரு மாத்திக்கிட்டிருக்கான், ரெண்டு கையிலயும் வயரு. போனை வர்ணனைக்காரன்கிட்ட நீட்டி, "அந்தம்மாவுக்குப் படிச்சுக் காட்டு"ன்னான். அவன் மைக்கோட படிச்சுட்டான்.

"இதோ வந்துகொண்டிருக்கிறது நமது தையல்நாயகி அம்மாவுக்கான ரகசிய எண்! ஏழு! ரெண்டு! சைபர்! ஒன்பது! நாலு! நாலு! மீண்டும் சொல்கிறேன்..."

ஊரே கை தட்டுது. ரகசியம்! எட்டு குழாய்ல போகுது ரகசியம்! ஆனா எனக்குச் சந்தோஷம் தங்கச்சி. ஷகிலா போட்டுச்சு. பச்சையா ஒரு டிக் வந்துச்சு. "அவ்வளவுதாம்மா. இங்க ஒரு கட்டம் இருக்கு, இதுல டிக் அடிச்சு அனுப்பினா முடிஞ்சுது. நீங்களே அடிங்க"ன்னு பொத்தானைக் காட்டுச்சு.

எதைக் கையெழுத்துப் போட்டாலும் படிக்கணும்ல? "என்னம்மா எழுதியிருக்கு?"ன்னேன்.

"ஒண்ணுமில்லைம்மா, வழக்கமா உள்ளதுதான். முதல்ல கொடுத்த கணக்குல இருந்த தப்பு என்னுடையதுதான்னு."

"யாருடையது?"

"உங்களுடையது."

நான் கையை எடுத்துட்டேன்.

"அம்மா, ஏழு நிமிஷம்தான் இருக்கு."

"ஏழு நிமிஷம் இல்லை, ஏழு ஜென்மம் இருந்தாலும் அடிக்கமாட்டேன். ரெண்டு தடவை கூட்டினது அவன். தப்பு என்னுதா?"

ஷகிலா என்னமோ சொல்ல வந்துச்சு. அந்த மொத தாளை எடுத்து, "அம்மா, இதுல நீங்க..."ன்னு ஆரம்பிச்சுது. நான் கேக்கலை. பதட்டத்துல இருக்கற பொண்ணுகிட்டல்லாம் கணக்கு பேசக் கூடாது.

அடைக்கலம் ஓடி வந்தான். "என்னம்மா ஆச்சு?"

"தப்பு என்னுதுன்னு ஒத்துக்கணுமாம்."

"ஒத்துக்கிட்டுப் போங்கம்மா! நான் தினம் பூங்கோதைகிட்ட ஒத்துக்கறேன், என்ன குறைஞ்சுட்டேன்?"

"நீ குறையறதுக்கு என்னப்பா இருக்கு? நான் முப்பத்திநாலு வருஷம் தப்பே பண்ணாதவ."

அந்தப் பாவி வர்ணனைக்காரன் இதையும் மைக்ல சொல்லிட்டான். "பெரியோர்களே, ஆயா டிக் அடிக்க மறுக்கிறார்கள்! இன்னும் ஐந்தே நிமிடங்கள்!" ஆட்டம் நின்னுபோச்சு. பாடி வந்தவன் நடுக்கோட்டுல நின்னுட்டுப் பாக்கறான், பிடிக்க வந்தவனும் அவன் தோள்ல கையைப் போட்டுக்கிட்டுப் பாக்கறான். விசில் ஊதறவரு என்கிட்ட வந்து, "ஆயா, ரெண்டு டீமும் காத்துக்கிட்டிருக்கு, பார்த்துச் செய்யுங்க"ங்கறாரு. ஜனம் பூரா, "ஆயா டிக்கு! ஆயா டிக்கு!"ன்னு கையைத் தட்டுது. ஒரு பொம்பளை கூட்டத்துலேருந்து, "ஏத்தா, பல்லு முக்கியமா, இது முக்கியமா?"ன்னு கேக்குறா. என் பல்லு விஷயம் அவளுக்கு எப்படித் தெரியும்? பூங்கோதைதான் சொல்லியிருக்கும்.

நான் நாற்காலியில நிமிர்ந்து உக்காந்துக்கிட்டேன். வடகாடு ஆளு ஒருத்தன், ஆறடி, என் காலைத் தொட்டான். "ஆயா, எங்களுக்கு அடுத்த ஆட்டம் இருக்கு"ன்னு. நான் அசையலை.

பத்து நிமிஷம் முடிஞ்சுது. வர்ணனைக்காரன், "ஆயா வென்றார்கள்!"ன்னான். அதுக்கும் கை தட்டறாங்க. எதுக்குத் தட்டறோம்னு அவங்களுக்கே தெரியாது.

நான் வெறுங்கையோட நாலு மணி பஸ்ஸுல ஏறி வந்துட்டேன். ஷகிலா, "நீங்க போங்கம்மா, நான் லேப்டாப்பைச் சார்ஜ் போட்டுட்டு அடுத்த பஸ்ஸுல வர்றேன்"னுச்சு. அப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும். கபடி மைதானத்துல எங்க சார்ஜு போடுறது?

அன்னைக்கு ராத்திரி சாப்பிடலை. வருத்தமெல்லாம் இல்லை. மனசுக்கு நிம்மதியா இருந்துச்சு. பல்லு போனாப் போகுது, பேரு இருக்குல்ல. இளங்கோகிட்ட சொன்னேன், "சரிம்மா"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டான். அவங்கப்பா மாதிரியே.

அப்புறம் கேளு. தை மாசம் பாதியில ஒரு நாள் காலையில போன். "அம்மா, அடைக்கலம். வாழ்த்துக்கள்மா! முப்பத்தெட்டாயிரத்து அறுநூத்தி நாப்பது ஏறிடுச்சு! கூட இருநூத்திச் சொச்சம் வட்டியும் போட்டிருக்கான்!"

எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. "எப்படிடா ஏறும்? நான் டிக்கே அடிக்கலையே?"

அந்தப் பக்கம் சத்தத்தையே காணோம். மைக்செட்காரன், சத்தத்தையே காணோம்!

"சொல்லுடா!"

"அது... அந்தப் பொண்ணு இன்னொரு தடவை அனுப்புச்சும்மா. நான் நம்பரைச் சொன்னேன். அவ்வளவுதான். டிக்கெல்லாம் அதுதான் அடிச்சுச்சு."

ஷகிலாகிட்டப் போனேன். "நான் நம்பர்தாம்மா போட்டேன். கடைசி நிமிஷம். அவர்தான் இந்தக் கட்டமான்னு கேட்டு அழுத்திட்டாரு"ங்குது. மறுபடி அவனைக் கேட்டா, "நான் லேப்டாப்பைத் தொட்டதே இல்லைம்மா, வர்ணனைக்காரன்தான் பக்கத்துல நின்னான்"ங்கறான். பாத்தியா தங்கச்சி, எப்படிப்பட்ட ஜனங்க? தப்பை ஒருத்தர் ஒத்துக்க மாட்டேங்கறாங்க! ஒரு வார்த்தை, "ஆமாம்மா, நான்தான்"னு சொன்னா என்ன கிரீடமா விழுந்துடும்?

வரி ஆபீஸுக்கு நேர்லயே போயிட்டேன். அந்த டிக்கை எடுக்கணும்னேன். ஒரு சின்னப் பையன், கண்ணாடி போட்டவன், மரியாதையாத்தான் பேசினான். "அம்மா, உங்க பேர்ல தப்பில்லைன்னு சொன்னா, திருத்தினதும் செல்லாது. திருத்தினது செல்லாதுன்னா காசைத் திருப்பிக் கட்டணும். வட்டியோட. யோசிச்சுச் சொல்லுங்க"ன்னான். "இதுல யோசிக்க என்ன இருக்கு, மனுவை எடுத்துக்க"ன்னேன். "இதெல்லாம் தாள்ல வாங்கறதில்லைம்மா, வெப்சைட்டுலதான் போடணும். உங்க போனுக்கு ஒரு ஓடிபி வரும்"னான்.

அதுக்குத்தான் இன்னைக்கு அடைக்கலத்தைப் பாக்கப் போறேன்.

நம்பரை மாத்தலையான்னு கேக்கறியா? மாத்தச் சொன்னாங்க. ஷகிலாவும் சொல்லுச்சு, இளங்கோவும் சொன்னான். எதுக்கு மாத்தணும்? அவன் நல்லாத்தானே பாத்துக்கறான். முப்பதாந்தேதியானா கூப்பிட்டு பென்ஷன் வந்துடுச்சுங்கறான், சிலிண்டர்காரன் வர்றதுக்கு முந்தின நாளே வீட்டுல இருங்கங்கறான். போன வாரம் சர்க்கரை நூத்தி எண்பது, அவன்தான் மொதல்ல சொன்னான், அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். ஒரு வேலையை ஒருத்தன் பழகிட்டா அவனையே வச்சுக்கணும். ஆபீஸ்ல நாங்க அப்படித்தான்.

ஆனா இன்னைக்குத் திட்டத்தான் போறேன். அதுல மாத்தமில்லை.

என்ன சொல்றே? காசு வந்துடுச்சுல்ல, பேசாம பல்லைக் கட்டிக்கிட்டு வாயை மூடிக்கிட்டு இருன்னா? நீயும் அந்தக் கூட்டத்து ஆளு மாதிரியே பேசறே. காசு பாங்க்லதான் இருக்கு. ஒரு பைசா எடுக்கலை. எடுத்தா தப்பு என்னுதுன்னு ஆயிடும். எடுக்கலேன்னா பல்லு இல்லை. பத்து நாளா இதைத்தான் யோசிக்கறேன். ரசஞ்சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே யோசிக்கறேன்.

அட, அந்தப் பக்கம் பாரு, கீரமங்கலம் கடைத்தெரு வந்துடுச்சு. இந்தக் கூடையைப் பிடி. நடத்துனர் தம்பி, ஒரு நிமிஷம் இருப்பா, வயசானவ இறங்கறேன்.

முடிவு பண்ணிட்டேன் தங்கச்சி, உன்கிட்டப் பேசினதுல மனசு தெளிஞ்சுடுச்சு. நீயும் நல்ல யோசனையாச் சொன்னே. நாளைக்கே காசை எடுத்துப் பல்லைக் கட்டிடறேன். விஷயத்தை விட்டுட்டேன்னு நெனக்காதே. இப்போ இந்த வாயோட போயி "தப்பு என்னுதில்லை"ன்னு சொன்னா, காத்துதான் வருது, வார்த்தை நிக்கமாட்டேங்குது. அந்தக் கண்ணாடிப் பையன் ரெண்டு தடவை "என்னம்மா சொல்றீங்க?"ன்னு கேட்டான். கீழ் வரிசை வரட்டும். அவங்க காசுலயே வரட்டும். அப்புறம் போயி எதிர்ல உக்காந்து, ஒவ்வொரு எழுத்தாக் கடிச்சுச் சொல்றேன் பாரு, தப்பு யாருதுன்னு.